வயதான பூனைக்கு மூச்சு வாங்குகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில் ஒன்று. உங்கள் பூனை இப்போது வாயைத் திறந்து மூச்சு விடுகிறது, ஈறு நீலமாகவோ சாம்பல் நிறமாகவோ வெளுத்தோ இருக்கிறது, படுக்க முடியாமல் கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்றால் இதைப் படிக்க வேண்டாம். கால்நடை மருத்துவமனைக்கு போன் செய்து சொல்லிவிட்டு உடனே கிளம்புங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நான் மருத்துவர் இல்லை. முத்து என்ற பூனையோடு பதினாலு வருடம் இருந்தவள். அதன் கடைசி ஒன்றரை வருடம் இதயக் கோளாறோடு கழிந்தது. அந்த நாட்களில் கேட்டும் படித்தும் பார்த்தும் தெரிந்துகொண்டதும், அதன் பிறகு வயதான பூனை வைத்திருக்கும் பலர் என்னிடம் கேட்ட கேள்விகளும்தான் இங்கே இருக்கின்றன.

பூனை ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விட வேண்டும்? அதை எப்படி எண்ணுவது?

நன்றாகத் தூங்கும் பூனை நிமிடத்துக்கு 15 முதல் 30 முறை மூச்சு விடும். பெரும்பாலான பூனைகள் இருபதை ஒட்டியே இருக்கும். தூங்கும்போது 30-க்கு மேல் தொடர்ந்து போனால் மருத்துவரிடம் பேச வேண்டும். 40-ஐத் தாண்டி அங்கேயே நின்றால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

எண்ணுவது சுலபம். பூனை ஆழ்ந்து தூங்கும்போது பக்கத்தில் போய்த் தொடாமல் உட்காருங்கள். விலாவும் வயிறும் சேரும் இடத்தைப் பாருங்கள். மேலே எழும்பிக் கீழே இறங்கினால் அது ஒரு மூச்சு. எழும்புவதை ஒன்று, இறங்குவதை இரண்டு என்று எண்ணிப் பயந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏற்றமும் இறக்கமும் சேர்ந்துதான் ஒன்று. போனில் 30 விநாடி வைத்து எண்ணி, வந்ததை இரண்டால் பெருக்குங்கள். முடி அடர்ந்த பூனை என்றால் ஒரு பக்கத்திலிருந்து விளக்கு வெளிச்சம் விழுகிற மாதிரி உட்கார்ந்தால் முடி நகர்வது தெரியும்.

குர்ர் என்று சத்தம் போடும்போது எண்ணாதீர்கள், எண்ணிக்கை கூடுதலாக வரும். மீசையும் காலும் துடிக்கக் கனவு காணும்போதும் வேண்டாம். அப்போதுதான் ஓடிவிட்டு வந்து படுத்திருந்தாலும் வேண்டாம். ஒருமுறை அதிகமாக வந்தால் ஒரு மணி நேரம் கழித்துத் திரும்ப எண்ணுங்கள். அப்போதும் அதே எண் வந்தால் அதை நம்புங்கள்.

இதை நான் இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பூனை தன் மூச்சுத் திணறலை மறைத்துவிடும். நடப்பதைக் குறைத்துக்கொள்ளும், மாடிப்படி ஏறுவதை நிறுத்திக்கொள்ளும், அலமாரியின் மேல் தூங்கியது தரையில் தூங்கத் தொடங்கும். நமக்கு அது சமர்த்தாக, அமைதியாக இருப்பதாகத் தோன்றும். அதனால் மறைக்க முடியாத ஒன்று தூக்கத்தில் விடும் மூச்சு. முத்துவுக்கு வழக்கம் 18, 20. ஒரு ராத்திரி 36 வந்தது. தப்பாக எண்ணிவிட்டேன் என்று நினைத்து மறுநாள் எண்ணினேன், 42. அன்று மாலைவரை அது சாப்பிட்டது, ஜன்னலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது, கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தது. அந்த எண் மட்டும் இல்லையென்றால் நான் அன்றைக்கு மருத்துவமனைக்குப் போயிருக்கவே மாட்டேன்.

பூனைக்கு எந்தக் கோளாறும் இல்லாத நாளிலேயே ஒரு வாரம் எண்ணி ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். 28 என்பது ஒரு பூனைக்கு வழக்கமாக இருக்கலாம். வழக்கமாக 16 இருக்கிற பூனைக்கு அதே 28 ஒரு செய்தி.

எண்ணிக்கை தவிர வேறு எதைக் கவனிப்பது?

உட்காரும் விதத்தை. மூச்சுக்குப் போராடும் பூனை ஒருக்களித்துப் படுக்காது. நெஞ்சு தரையில் படும்படி குந்திக்கொண்டு, இரண்டு முழங்கைகளையும் உடம்பிலிருந்து வெளியே தள்ளி வைத்து, தலையை முன்னால் நீட்டியிருக்கும். நெஞ்சுக்கூடு விரிய இடம் கொடுக்கத்தான் அப்படி. தூக்கம் கண்ணைச் சுழற்றும், தலை கவிழும், உடனே நிமிர்ந்துவிடும். அந்த நிலையில் ஒரு பூனையைப் பார்த்தால் அது ஓய்வெடுக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். அது மூச்சு விடுவதையே ஒரு வேலையாகச் செய்துகொண்டிருக்கிறது.

வயிற்றையும் பாருங்கள். சாதாரணமாகப் பூனையின் மூச்சு கண்ணுக்கே தெரியாத அளவு மெல்லியது. ஒவ்வொரு மூச்சுக்கும் வயிறு உள்ளே இழுத்து வெளியே தள்ளினால், மூக்குத் துவாரம் விரிந்தால், தலை லேசாக ஆடினால் உடனே கிளம்புங்கள்.

ஈறின் நிறம் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். சில பூனைகளுக்கு ஈறு இயல்பிலேயே கறுப்பாகவோ புள்ளி விழுந்தோ இருக்கும். அப்படியென்றால் நாக்கைப் பாருங்கள்.

நாய் மாதிரி வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது. வெயிலாக இருக்குமோ?

நாய் அப்படித்தான் உடம்பைக் குளிர்விக்கும். பூனை அப்படிச் செய்யாது. குட்டிப் பூனை துள்ளி விளையாடிவிட்டு அரை நிமிடம் வாயைத் திறக்கலாம். கேரியரில் வைத்ததும் பயத்தில் சில பூனைகள் செய்யும். கடும் வெப்பத்திலும் நடக்கும், ஆனால் அதுவே ஆபத்தான நிலைதான். பத்து வயது தாண்டிய பூனை வீட்டில் சும்மா இருக்கும்போது வாயைத் திறந்து மூச்சு விட்டால் அதை அவசரநிலை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சரியாகிவிட்டதே என்று விட்டுவிடவும் வேண்டாம்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. எதையாவது முகர்ந்துவிட்டு மேலுதட்டைச் சுருட்டி, வாயைப் பாதி திறந்து, சில விநாடி திகைத்தது போல நிற்கும். அது வாசனையை அண்ணத்தில் இருக்கும் ஓர் உறுப்புக்கு அனுப்புவது. மூச்சோடு அதற்குச் சம்பந்தமில்லை.

குர்ர் என்று சந்தோஷமாகத்தானே இருக்கிறது?

பூனை சந்தோஷத்தில் மட்டும் குர்ர் என்பதில்லை. வலியிலும் பயத்திலும் மூச்சு முட்டும்போதும்கூடச் செய்யும். ஆக்சிஜன் கூண்டுக்குள் இருந்தபோதும் முத்து குர்ர் என்றது. அந்தச் சத்தத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

வயசானால் மூச்சு வாங்கத்தானே செய்யும்?

இல்லை. இந்தப் பக்கத்திலேயே நான் அழுத்திச் சொல்ல விரும்பும் பதில் இதுதான். வயதான பூனை அதிகம் தூங்கும், மூட்டு பிடிக்கும், முடி மங்கும். ஆனால் வயது மட்டுமே ஒரு பூனையின் மூச்சை வேகப்படுத்தாது. வேகப்பட்டால் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. இதயமா, நுரையீரலா, தைராய்டா, மூக்கா, ரத்தமா என்று தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். அவற்றில் பலவற்றுக்கு மருந்து இருக்கிறது. "வயசாயிடுச்சு" என்ற ஒரு வார்த்தையால் தவறிப்போகும் மாதங்கள் எத்தனை என்று யோசித்தால் எனக்கு இன்றைக்கும் மனசு கனக்கிறது.

இதய நோய் என்றால் மூச்சு ஏன் திணற வேண்டும்?

பூனைகளுக்கு அதிகம் வரும் இதய நோய், இதயத் தசை தடித்துப்போவது. மருத்துவர்கள் ஹைப்பர்ட்ரோஃபிக் கார்டியோமயோபதி, சுருக்கமாக எச்.சி.எம் என்பார்கள். இடது கீழறையின் சுவர் தடித்து விறைத்துவிடும். சுருங்குவது நன்றாகவே சுருங்கும், ஆனால் விரிந்து ரத்தத்தை வாங்கிக்கொள்ள அதனால் முடியாது. உள்ளே போக வழியில்லாத ரத்தம் மேலறையில் தேங்கும், மேலறை வீங்கும். அதற்குப் பின்னால் நுரையீரலிலிருந்து வரும் குழாய்களில் அழுத்தம் ஏறும். கடைசியில் நீர் கசிந்து நுரையீரலுக்குள்ளேயோ, நுரையீரலைச் சுற்றியோ கோத்துக்கொள்ளும். அந்த நீர்தான் மூச்சை அடைக்கிறது.

மேய்ன் கூன், ராக்டால் இனங்களில் இதற்கான மரபணு மாற்றம் கண்டறியப்பட்டிருக்கிறது. ஆனால் இனம் தெரியாத சாதாரண வீட்டுப் பூனைக்கும் தாராளமாக வரும். முத்து அப்படிப்பட்டதுதான்.

இங்கே இரண்டு விஷயங்கள் பலரையும் ஏமாற்றுகின்றன. நாய்க்கு இதயம் பலவீனமானால் இருமும், பூனை பெரும்பாலும் இருமாது. இருமல் இல்லை, அதனால் நுரையீரலில் ஒன்றுமில்லை என்று நினைத்துவிடுகிறோம். அடுத்தது, ஸ்டெதஸ்கோப்பில் முணுமுணுப்புச் சத்தம் கேட்கவில்லை என்றால் இதயம் நலம் என்று அர்த்தமில்லை. எச்.சி.எம் உள்ள பூனைகள் எல்லாவற்றுக்கும் அந்தச் சத்தம் இருப்பதில்லை. சத்தம் உள்ள பூனைகள் எல்லாவற்றுக்கும் நோயும் இருப்பதில்லை. எக்கோ ஸ்கேன் எடுத்தால்தான் தெளிவாகத் தெரியும். என்.டி-புரோ-பி.என்.பி என்ற ரத்தப் பரிசோதனையும் வழிகாட்டும்.

அதுவரை வெளியே தெரியாமல் இருந்த இதய நோய் சில சமயம் ஒரு தள்ளலில் வெளியே வந்துவிடும். மயக்க மருந்து, டிரிப்ஸில் அதிகத் திரவம், நீண்ட நாள் வேலை செய்யும் ஸ்டீராய்டு ஊசி, பெரிய அதிர்ச்சி, இவற்றுக்குப் பிறகு சில நாட்கள் தூக்க மூச்சைத் தவறாமல் எண்ணுங்கள். வயதான பூனைக்குப் பல் சுத்தம் செய்யவோ வேறு எதற்கோ மயக்கம் கொடுப்பதற்கு முன்னால் இதயத்தைப் பார்த்துவிடலாமா என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

திடீரென்று பின்னங்கால் இழுத்துக்கொண்டது, அலறுகிறது, மூச்சும் வாங்குகிறது. அடிபட்டிருக்குமா?

இருக்கலாம். ஆனால் வீங்கிய மேலறையில் உறைந்த ரத்தக்கட்டி அங்கிருந்து கிளம்பி, பின்னங்கால்களுக்குப் பிரியும் தமனியில் போய் அடைத்துக்கொண்டிருக்கவும் கூடும். அப்படியென்றால் கால்கள் ஜில்லென்று இருக்கும், பாதத்தின் மெத்தென்ற பகுதி வெளுத்தோ நீலம் பாய்ந்தோ இருக்கும், வலி தாங்க முடியாததாக இருக்கும். காலைத் தேய்த்துவிடாதீர்கள், ஒத்தடம் கொடுக்காதீர்கள். உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய நிலை இது.

எப்போதும் பசி, ஆனால் இளைத்துக்கொண்டே போகிறது. மூச்சும் வேகம். என்ன அது?

தைராய்டு சுரப்பி அதிகமாக வேலை செய்வதாக இருக்கலாம். பூனைகளில் இதை ஒரு தனி நோயாக மருத்துவ உலகம் முதலில் விவரித்தது 1979-ல்தான். இன்றைக்குப் பத்து வயது தாண்டிய பூனைகளில் அடிக்கடி காணப்படும் ஹார்மோன் கோளாறு இது. தட்டைத் துடைத்துச் சாப்பிடும், ராத்திரி கத்தும், தண்ணீர் நிறையக் குடிக்கும், முதுகெலும்பு கையில் தட்டுப்படும். பார்ப்பதற்கு இளமை திரும்பியது போலச் சுறுசுறுப்பாகவும் இருக்கும். அதுதான் ஏமாற்றுவது. உள்ளே இதயம் ஓட்டமாக ஓடிக்கொண்டிருக்கும், ரத்த அழுத்தம் ஏறியிருக்கும், இதயத் தசையும் தடிக்கத் தொடங்கியிருக்கும்.

டி4 என்ற ரத்தப் பரிசோதனை பெரும்பாலும் இதைக் காட்டிவிடும். மாத்திரை உண்டு, அறுவை சிகிச்சை உண்டு, அயோடின் குறைத்த சிறப்பு உணவு உண்டு. கதிரியக்க அயோடின் சிகிச்சை பெரும்பாலான பூனைகளுக்கு நோயை அடியோடு தீர்த்துவிடும். தைராய்டு கட்டுக்குள் வந்தால் தடித்த இதயமும் ஓரளவு திரும்பலாம் என்பது இதில் இருக்கும் பெரிய ஆறுதல்.

அடிக்கடி இருமுகிறது, எதுவும் வெளியே வரவில்லை. முடி உருண்டை சிக்கியிருக்கிறதா?

என் தோழி வீட்டுப் பூனை இப்படித்தான் ஆறேழு மாதம் இருமியது. நக்கி விழுங்கிய முடி உருண்டையாகத் திரண்டிருக்கும் என்று நினைத்து, அதை வெளியேற்றும் பசை மருந்தை வாங்கி வாங்கிக் கொடுத்தார்கள். ஒருநாள் நான் போயிருந்தபோது அது இருமியதை நேரில் பார்த்தேன். தரையோடு தரையாகக் குந்தி, கழுத்தை முன்னால் நீட்டி, தோள்கள் கூனி, பத்துப் பதினைந்து முறை வறட்டு இருமல். கடைசியில் எதையோ விழுங்கிக்கொண்டு ஒன்றும் நடக்காதது போல நடந்து போய்விட்டது. வாந்தியென்றால் வயிறு முழுக்கக் குலுங்கி மேலே வரும், ஏதாவது வெளியே விழும். இங்கே வயிறு அப்படிக் குலுங்கவில்லை, நெஞ்சிலிருந்துதான் வந்தது. அதற்கு ஆஸ்துமா.

பூனை ஆஸ்துமா பெரும்பாலும் இளவயதிலோ நடுவயதிலோ தொடங்குவது. ஆனால் தொடங்கிவிட்டால் முதுமைவரை கூடவே வரும். முன்பு கண்டுபிடிக்கப்படாமல் போனது பன்னிரண்டு வயதில் பெயர் பெறுவதும் உண்டு. முதல்முறையாக முதுமையில்தான் இருமல் வருகிறது என்றால் நாள்பட்ட மூச்சுக்குழல் அழற்சி, நுரையீரல் புழு, இதயப்புழு, கட்டி என்று வேறு சிலவற்றையும் மருத்துவர் தேடிப் பார்ப்பார்.

இருமலை வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். மருத்துவமனை மேசையில் எந்தப் பூனையும் நமக்காக இருமிக் காட்டாது. அந்த அரை நிமிட வீடியோ நாம் பத்து நிமிடம் விவரிப்பதைவிட மேல்.

மருந்து ஸ்டீராய்டுதான். முதலில் மாத்திரையாகக் கொடுத்து, பிறகு ஃப்ளூட்டிகாசோன் போன்ற இன்ஹேலருக்கு மாற்றுவார்கள். பூனைக்கென்று முகமூடி வைத்த குழாய் இருக்கிறது. அதில் மருந்தை அடித்து, மூக்கின் மேல் வைத்து, ஏழு முதல் பத்து மூச்சு இழுக்கும்வரை பிடித்திருக்க வேண்டும். முதல் வாரம் மருந்தே இல்லாமல் வெறும் முகமூடியை மட்டும் முகர வைத்து, பிடித்த தின்பண்டம் கொடுத்துப் பழக்குங்கள். சல்பூட்டமால் என்பது திணறல் வரும் நேரத்துக்கு மட்டும். தினமும் கொடுக்கும் மருந்துக்கு அது மாற்று இல்லை. நீண்ட நாள் ஸ்டீராய்டு சர்க்கரை நோயைக் கொண்டுவரலாம் என்பதால் ரத்தச் சர்க்கரையையும் அவ்வப்போது பார்க்கச் சொல்வார்கள்.

மூச்சு விடும்போது சத்தம் கேட்கிறது. சத்தத்தை வைத்து ஏதாவது சொல்ல முடியுமா?

கொஞ்சம் முடியும். உள்ளே இழுக்கும்போது சத்தம் என்றால் மூக்கிலோ தொண்டையிலோ அடைப்பு இருக்கலாம். கூடவே குரல் மாறியிருந்தால் குரல்வளையைப் பார்க்க வேண்டும். வெளியே விடும்போது விசில் போல வந்தால் சிறு மூச்சுக்குழாய்கள் சுருங்கியிருக்கலாம், ஆஸ்துமாவில் அப்படி வரும். சத்தமே இல்லாமல் மேலோட்டமாக, வேகவேகமாக விட்டால் நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கலாம். சத்தமில்லாத இந்தக் கடைசிதான் என்னைப் பயமுறுத்துவது, ஏனென்றால் அது யார் காதிலும் விழாது.

மூக்கடைப்பு, தும்மல், குறட்டை. சளிதானே?

சின்ன வயதில் ஹெர்பிஸ் வைரஸ் சளி வந்த பூனைக்கு அந்த வைரஸ் உடம்பில் தங்கிவிடும். முதுமையில் எதிர்ப்புச் சக்தி குறையும்போது திரும்பத் தலைகாட்டும். அது ஒன்று. மேல்தாடைப் பல் வேரில் சீழ் பிடித்து மூக்குக்குள் வழி ஏற்படுத்திக்கொள்வது இன்னொன்று, இதை நிறையப் பேர் யோசிப்பதில்லை. ஒரே ஒரு பக்க மூக்கில் மட்டும் நீர் அல்லது ரத்தம் வடிந்தால், மூக்குப் பாலம் ஒரு பக்கம் புடைத்தால், முன்பில்லாத குறட்டை புதிதாக வந்தால் மூக்குக்குள் கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வயதான பூனையின் மூக்கில் லிம்போமா என்ற புற்றுநோய் வருவதுண்டு. அது சிகிச்சைக்குக் கட்டுப்படக்கூடிய வகை.

மூக்கடைத்த பூனைக்கு உடனடி ஆபத்து பட்டினி. வாசனை தெரியாவிட்டால் பூனை சாப்பிடாது. உணவை உடம்புச் சூட்டுக்கு லேசாகச் சூடாக்கினால் மணம் எழும்பும். ஈரப்பஞ்சால் மூக்கைத் துடைத்துவிடுங்கள். வெந்நீர் ஆவி நிறைந்த குளியலறையில் பத்து நிமிடம் கூட உட்கார்ந்திருக்கலாம், ஆனால் இது மூக்கடைப்புக்கு மட்டும்தான். நெஞ்சில் திணறும் பூனையை ஆவி அறையில் அடைக்காதீர்கள். இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தால், முக்கியமாகக் குண்டுப் பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு படிந்து அதுவே உயிருக்கு உலை வைக்கும்.

நுரையீரலில் நீர் என்றார்கள், இன்னொருவர் நுரையீரலைச் சுற்றி நீர் என்றார். ரெண்டும் ஒன்றா?

வேறு வேறு. நுரையீரலுக்குள் என்றால் நீர் பிரிய மருந்து கொடுத்து வடிய வைக்க வேண்டும். சுற்றி என்றால் ஊசியால் உறிஞ்சி எடுக்கலாம், எடுத்த சில நிமிடங்களிலேயே பூனை நிமிர்ந்து சுற்றிலும் பார்க்கும். எடுத்த நீரைப் பரிசோதனைக்கு அனுப்புவது முக்கியம். இதயத்தால் வந்ததா, சீழா, பால் போன்ற நிணநீரா, புற்றுநோயா என்பதை அதுதான் சொல்லும். நுரையீரலிலேயே தொடங்கும் புற்றுநோய் பூனைகளுக்கு அரிது, வந்தால் முதுமையில் வரும். அதில் ஒரு விசித்திரம் உண்டு. சில பூனைகளுக்கு அது கால் விரல்களுக்குப் பரவி, இருமலுக்கு முன்னால் நொண்டலாகத்தான் முதலில் தெரியும். வயதான பூனைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விரல்கள் காரணமில்லாமல் வீங்கினால் நெஞ்சையும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்வது இதனால்தான்.

நெஞ்சில் ஒன்றுமில்லை என்கிறார்கள், ஆனாலும் மூச்சு வேகமாக இருக்கிறது.

ரத்தசோகை, காய்ச்சல், வலி, கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோய், இவை எல்லாமே மூச்சை வேகப்படுத்தும். வயதான பூனைக்குச் சிறுநீரகம் பழுதாவது சகஜம். சிறுநீரகம் பழுதானால் ரத்தம் குறையும், ரத்தம் குறைந்தால் ஆக்சிஜன் சுமக்க ஆள் போதாது. ஈறு வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள்.

நம் மருந்து ஏதாவது கொஞ்சமாகக் கொடுக்கலாமா?

கூடாது. முக்கியமாகப் பாராசிட்டமால். மனித உடம்பு அதை உடைத்து வெளியேற்றும் வழி பூனையின் கல்லீரலில் சரியாக இல்லை. அரை மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். ரத்தத்தின் ஹீமோகுளோபினை அது கெடுத்துவிடுவதால் எவ்வளவு காற்று உள்ளே போனாலும் உடம்புக்கு ஆக்சிஜன் சேராது. ஈறு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். தெரியாமல் கொடுத்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். சீக்கிரம் போனால் அந்த விஷத்தை முறிக்கும் மருந்து இருக்கிறது.

கற்பூரம், யூகலிப்டஸ், மெந்தால் கலந்த தைலம் எதையும் நெஞ்சில் தடவாதீர்கள். நக்கிவிடும். வீட்டில் யாரோ ஒருவருடைய இன்ஹேலரை எடுத்து அடிப்பதும் வேண்டாம்.

மருத்துவமனைக்கு எப்படிக் கொண்டு போவது? அங்கே என்ன செய்வார்கள்?

திணறும் பூனைக்குப் போராட்டமே எமன். துரத்திப் பிடிக்காதீர்கள், மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள், போர்வையில் இறுக்கிச் சுற்றாதீர்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். மேல் மூடி திறக்கும் கேரியராக இருந்தால் அதை அப்படியே மேலிருந்து இறக்கிவிடலாம். காற்றோட்டமாக, குளிர்ச்சியாக, இருட்டாக வைத்துக்கொண்டு போங்கள். கிளம்பும்போதே போன் செய்து "மூச்சுத் திணறல், வந்துகொண்டிருக்கிறோம்" என்று சொன்னால் ஆக்சிஜனைத் தயாராக வைத்திருப்பார்கள்.

போனவுடன் எக்ஸ்ரே எடுக்காமல் ஆக்சிஜன் கூண்டுக்குள் வைத்து, மயக்கம் வராத அளவுக்கு ஒரு அமைதி ஊசி போட்டுவிட்டுக் காத்திருந்தால் கோபப்படாதீர்கள். எனக்கும் அன்று பதறியது, ஏன் எதுவுமே செய்யாமல் நிற்கிறார்கள் என்று. திணறும் பூனையை எக்ஸ்ரேவுக்காகப் பிடித்து நீட்டினால் அந்த மேசையிலேயே போய்விடலாம் என்று பிறகுதான் புரிந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அதன் விலா மெல்ல மெல்ல நிதானமாவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம்தான் ஸ்கேன், ரத்தம் எல்லாம்.

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனி தினமும் என்ன?

இதய நோய் என்றால் ஃப்யூரோசமைடு என்ற நீர் பிரியும் மாத்திரை முதலிடம். அது ஆரம்பித்ததும் பூனை நிறையக் குடிக்கும், நிறையப் போகும். தண்ணீரைக் குறைத்துவிடாதீர்கள், இன்னொரு கிண்ணம் வையுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கக் குளோபிடோக்ரெல் கொடுப்பார்கள். அது கசப்பிலும் கசப்பு. நாக்கில் பட்டால் நுரை தள்ளும், அடுத்த நாள் நம்மைக் கண்டாலே ஓடும். வெற்று ஜெலட்டின் குப்பிக்குள் (கேப்ஸ்யூல்) போட்டுக் கொடுக்கலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். எங்கள் வீட்டில் அந்தச் சின்னக் குப்பி வந்த பிறகுதான் அமைதி வந்தது.

தூக்க மூச்சைத் தினமும் ஒருமுறை எண்ணி எழுதுங்கள். எந்த எண்ணுக்கு மேல் போனால் மாத்திரையைக் கூட்டுவது, எதற்கு மேல் போனால் கிளம்பி வருவது என்று முன்கூட்டியே கேட்டு அந்த நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு யோசிக்க முடியாது. நீர் மாத்திரை சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்பதால் ரத்தப் பரிசோதனைகளைத் தள்ளிப் போடாதீர்கள்.

வீட்டில் சிகரெட் புகை, வாசனை மெழுகுவத்தி, ரூம் ஸ்பிரே, வாசனை எண்ணெய் ஆவி எல்லாம் நிற்கட்டும். மணல் தட்டில் தூசி பறக்காத மணல் போடுங்கள். தண்ணீர், சாப்பாடு, மணல் மூன்றும் படி ஏறாமல் எட்டும் இடத்தில் இருக்கட்டும். குண்டாக இருந்தால் எடை குறைய வேண்டும், ஆனால் மருத்துவர் சொல்லும் வேகத்தில். இதய நோயில் எடை குறைவதும் கெடுதல்.

பத்து வயது தாண்டிய பூனையை, எந்தக் கோளாறும் இல்லாவிட்டாலும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரிடம் காட்டுங்கள்.

எவ்வளவு நாள் இருக்கும்?

ஆஸ்துமாவோடும் தைராய்டோடும் பல வருடங்கள் நன்றாக வாழலாம். இதயச் செயலிழப்பு வந்துவிட்டால் கணக்கு பெரும்பாலும் மாதங்களில். சில பூனைகள் வருடங்களைத் தாண்டுகின்றன. முத்துவுக்கு ஒரு வருடமும் நாலு மாதமும் கிடைத்தது. அதில் பெரும்பகுதி 22, 24 என்ற எண்களோடு, ஜன்னலோரத்தில், ஒருக்களித்துப் படுத்தபடி.

விடைகொடுக்கும் நேரம் எது என்று எப்படித் தெரியும்?

மருந்தைக் கூட்டியும் எண் இறங்காதபோது. நீர் எடுத்த இரண்டு நாளில் திரும்பக் கோக்கும்போது. பிடித்த உணவைக் கொண்டு வந்தால் முகர்ந்துவிட்டு, மூச்சு விடவே சக்தி வேண்டியிருப்பதால், தலையைத் திருப்பிக்கொள்ளும்போது. மூச்சு முட்டுவது பசியையும் வலியையும்விடக் கொடியது என்று எனக்குத் தோன்றும். அதனால் மற்ற நோய்களில் ஒருநாள் பார்க்கலாம் என்று இருக்கலாம், இதில் அந்த ஒருநாளை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள், "உங்கள் பூனையாக இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று. நான் கேட்டேன், அவர் ஒளிக்காமல் சொன்னார்.

கடைசி ராத்திரி 48. நோட்டில் எழுதிவிட்டு, அது குந்தியிருந்த இடத்திலேயே தரையில் பாயைப் போட்டுப் படுத்தேன். அதற்குத் தலை சாய்க்க முடியவில்லை, அதனால் என் கையை அதன் தாடைக்கு அடியில் முட்டுக்கொடுத்து வைத்தேன். அதில் தலையை வைத்துக்கொண்டு கொஞ்சம் கண்ணை மூடியது. காலையில் மருத்துவமனை திறந்ததும் முதல் ஆளாகப் போனோம்.